மாம்பழம் எத்தனை துண்டு என்று யாராவது எழுதுங்களேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை பிறந்துவிட்டால் பத்திரிகைகளில் மாம்பழக் கட்டுரைக்குப் பஞ்சமே இருக்காது. உங்கள் பத்திரிகையிலும் அப்படித்தான். ஒரு வாரம் பெண்கள் பக்கத்தில் மாம்பழம் புற்றுநோயைத் தடுக்கும், கண்பார்வையைக் கூராக்கும், முகத்தைப் பளபளப்பாக்கும் என்று பெரிய படத்தோடு வருகிறது. கொஞ்ச நாள் கழித்து மருத்துவப் பக்கத்தில், சர்க்கரை இருப்பவர்கள் மாம்பழம் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்கிற மாதிரி ஒன்று வருகிறது. இரண்டையும் வெட்டி வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் சண்டை நடக்கிறது. முதல் கட்டுரை என் வீட்டுக்காரர் கையில், இரண்டாவது என் மகன் கையில். நான் நடுவில் கத்தியும் பழமுமாக நிற்கிறேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் போகும். வெட்டாமல் போட்டால் சந்தோஷம், வெட்டினாலும் பரவாயில்லை, அளவு பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. நல்லது என்று எழுதுகிறீர்கள், கெட்டது என்று எழுதுகிறீர்கள், எத்தனை துண்டு என்று எழுத மாட்டேன் என்கிறீர்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 100 கிராம் மாம்பழச் சதையில் ஏறக்குறைய 60 கலோரி இருக்கிறது. மாவுச்சத்து 15 கிராம், அதில் 14 கிராமுக்குக் கிட்ட சர்க்கரையாகவே இருக்கும், நார்ச்சத்து ஒன்றரை கிராம். ரகத்துக்கு ரகம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். நடுத்தரமான பங்கனப்பள்ளிப் பழம் ஒன்றில் தோலும் கொட்டையும் போக 200 கிராமுக்கு மேலேயே சதை தேறும். அப்படியானால் முழுப் பழத்தையும் ஒருவரே சாப்பிட்டால் 30 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. கொட்டையின் ஒரு பக்கத்துக் கதுப்பை மட்டும் சாப்பிட்டால் அதில் பாதிதான், ஒரு சின்னச் சப்பாத்தியில் இருக்கும் மாவுச்சத்துக்குச் சமம். இவ்வளவுதான் விஷயம். சப்பாத்தியைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை, ராத்திரி மூன்று சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு "நான் சோறே தொடுவதில்லை" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறும் என்பதற்கு கிளைசெமிக் குறியீடு என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். மாம்பழத்துக்கு அது பெரும்பாலும் ஐம்பதுகளில் நிற்கிறது. நாம் மூன்று வேளையும் கூச்சமில்லாமல் சாப்பிடும் வெள்ளைச் சோறு ரகத்தைப் பொறுத்து அறுபது எழுபது என்று போகும். ஆக, பழத்தைவிடச் சோற்றைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மத்தியானம் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டு முடித்து, இலையை மடிக்கும் நேரத்தில் ஒரு முழுப் பழம். அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு. மறுநாள் ரத்தப் பரிசோதனையில் எண் எகிறியதும் பழி பழத்தின் தலையில் விழுகிறது, மூன்று முறை வாங்கிய சோற்றை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருக்கிறவர் காலை பதினொரு மணிக்கோ சாயங்காலம் நாலு மணிக்கோ ஒரு கதுப்பு சாப்பிடலாம், கூடவே ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சுண்டலோ இருந்தால் இன்னும் நல்லது, புரதம் சேரும்போது சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படும். சாப்பாட்டோடுதான் வேண்டும் என்றால் அன்றைக்குச் சோற்றை ஒரு கரண்டி குறைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருப்பவர்கள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் அவரவர் உடம்பு என்ன சொல்கிறது என்று தெரிந்துபோகும், பத்திரிகையையும் பக்கத்து வீட்டு மதினியையும் கேட்க வேண்டியதில்லை. சர்க்கரை கட்டுக்கே வராமல் திண்டாடுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், இவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். அதேபோல சிறுநீரகம் பழுதானவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் பொட்டாசியம் கணக்குப் பார்க்க வேண்டும், மாம்பழத்தில் 100 கிராமுக்கு 160, 170 மில்லிகிராம் இருக்கிறது. அது ஒன்றும் மலைபோல இல்லை, ஆனால் ஒன்றுக்கு மூன்று பழமாகச் சாப்பிட்டால் கூடித்தானே போகும். இந்த எச்சரிக்கையை உங்கள் மருத்துவப் பக்கத்தில் பார்த்ததாகவே ஞாபகம் இல்லை.

பழத்துக்குத் தடை போட்டவர்கள் பாட்டிலுக்குத் தடை போடுவதில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். தாத்தாவுக்கு மாம்பழம் கூடாது என்று பேரன் சொல்வான், அதே பேரன் கையில் மஞ்சள் பாட்டில் இருக்கும். பழச்சாறு பானம் என்று பெயர் போட்டு விற்பதற்குச் சட்டப்படி அதில் 10 சதவீதம் பழம் இருந்தால் போதும். மிச்சம் தண்ணீர், சர்க்கரை, புளிப்புக்கு ஒன்று, வாசனைக்கு ஒன்று. நார்ச்சத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது. பாட்டிலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எல்லாம் போட்டிருக்கிறார்கள், படிக்கத்தான் ஆள் இல்லை. கடையில் போடும் மாம்பழ மில்க் ஷேக்கும் அதே கதைதான், பழத்துக்கு மேல் சர்க்கரை, சர்க்கரைக்கு மேல் ஐஸ்கிரீம். வீட்டில் பாலும் பழமும் மட்டும் போட்டு அடித்தால் தப்பில்லை, ஒரு தம்ளரோடு நிறுத்திக்கொண்டால் சரி. இருந்தாலும் மென்று சாப்பிடும்போது வரும் திருப்தி குடிக்கும்போது வராது, அதனால் இன்னொரு தம்ளர் கேட்கும்.

அப்புறம் அந்த "அற்புத நன்மைகள்" பக்கம். கண்ணுக்கு நல்லது என்கிறீர்கள். வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் மாம்பழத்தில் இருப்பது நிஜம், ஆனால் வேலியோரத்தில் சும்மா நிற்கிற முருங்கையின் கீரையில் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. அதற்கு யாரும் அரைப்பக்கம் ஒதுக்குவதில்லை, கீரையின் படம் அழகாக விழாது போல. புற்றுநோய் பற்றி எழுதுவதைப் படித்தால் பயமாக இருக்கிறது. மாங்காய்த் தோலிலும் இலையிலும் மாஞ்சிஃபெரின் என்று ஒரு பொருள் இருக்கிறது, அதைப் பிரித்தெடுத்து சோதனைச் சாலையில் செல்களிலும் எலிகளிலும் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். எலிக்குக் கொடுத்த சாற்றுக்கும் நாம் உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்னும் துண்டுக்கும் வெகு தூரம். மாவிலையைக் காயவைத்துப் பொடித்து டீ போட்டுக் குடித்தால் சர்க்கரை போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர் எங்கள் சொந்தத்திலேயே உண்டு, கடைசியில் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தது. மாவிலையைத் தோரணம் கட்டுவதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

நிஜமாகவே மாம்பழத்தில் தாராளமாக இருப்பது வைட்டமின் சி. 100 கிராமில் 35 மில்லிகிராம் பக்கம், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையானதில் பாதிக்குக் கிட்ட வந்துவிடும். ஃபோலேட் என்கிற பி வகை வைட்டமினும் உண்டு, கர்ப்பிணிகளுக்கு நல்லது. நார்ச்சத்து இருப்பதால் மலச்சிக்கல்காரர்களுக்கு ஆறுதல். இவ்வளவும் ஒரு பழத்துக்குப் போதாதா? இதற்கு மேல் எதற்குக் கதை கட்ட வேண்டும்?

இப்போது நான் எழுத நினைத்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரைகள் எல்லாமே பழத்தைப் பற்றித்தான், காயைப் பற்றி ஒரு வரி கிடையாது. திருநெல்வேலிக்காரர்களுக்கு மாங்காய்தான் முக்கியம். பழம் இரண்டு மூன்று மாதம் வந்து போகும் விருந்தாளி, காய் அடுப்படியில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு உருவத்தில் இருக்கும். காய் பழுக்கும்போது அதிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுகிறது, அமிலம் குறைகிறது, வைட்டமின் சியும் பெரும்பாலும் குறைந்துகொண்டே வருகிறது. அப்படியானால் சர்க்கரைக்குப் பயப்படுகிறவர்களுக்கு மாங்காய்தானே முதல் யோசனையாக இருக்க வேண்டும்? அதை ஏன் ஒருவரும் எழுதுவதில்லை?

கூட்டாஞ்சோறு எங்கள் ஊர்ச் சமாச்சாரம், உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரிசி, துவரம்பருப்பு, முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய், ஒரு கை முருங்கைக்கீரை, தேங்காயும் சீரகமும் மிளகாயும் சின்ன வெங்காயமும் அரைத்த அரைப்பு, அதோடு தோலோடு நறுக்கிய மாங்காய். மாங்காய் இல்லாத கூட்டாஞ்சோறு எனக்கு ஒப்புக்கு வைத்த சாப்பாடுதான். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது, வைட்டமின் சியும் புளிப்பு அமிலங்களும் கூட இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். வேகும்போது வைட்டமின் சி கொஞ்சம் போய்விடும் என்பதும் உண்மைதான். அதனால் நான் மாங்காயைக் கடைசியில் போட்டு ஒரு கொதியில் இறக்குவேன், கூட ஒரு பிடி பச்சை மாங்காயைத் துருவி உப்புப் போட்டுத் தொட்டுக்கொள்ள வைத்துவிடுவேன். ரத்தசோகை என்று இரும்பு மாத்திரை விழுங்கும் பிள்ளைகளுக்கு, மாத்திரையோடு கூட இந்தத் தொடுகறியும் இருந்தால் நல்லதுதானே.

அவியலுக்குத் தயிர் ஊற்றாமல் மாங்காய்ப் புளிப்பிலேயே முடிக்கிற வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. இடிசாம்பாரில் முருங்கைக்காயும் மாங்காயும் சேர்ந்து கிடந்தால் வேறு பொரியலே தேவையில்லை. கடற்கரைப் பக்கம் போனால் இன்னும் விசேஷம். உவரி, கூத்தங்குழி என்று அந்த ஊர்களில் சாளையோ நெத்திலியோ தேங்காய் அரைத்து வைக்கும் குழம்பில் புளியைக் குறைத்து மாங்காயைப் போடுவார்கள், அந்தக் குழம்பு மறுநாள் பழைய சோற்றுக்குத்தான் எடுப்பாக இருக்கும். சித்திரை விசுவன்று பச்சடி வைக்காத வீடு உண்டா? வெல்லமோ கருப்பட்டியோ போட்டு, வேப்பம்பூவை வறுத்துத் தூவி, காலையில் பாபநாசத்துக்குத் தீர்த்தமாடப் போய்விட்டு வந்து உட்கார்ந்தால் அதுதான் முதலில் இலையில் விழும்.

பதநீரில் மாங்காய் போட்டுக் குடிப்பது வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி பக்கம் கோடையில் போனால் பனையோலைப் பட்டையில் பதநீரை ஊற்றி அதில் பொடிசாக நறுக்கிய மாங்காயைப் போட்டுக் கொடுப்பார்கள். இனிப்பும் புளிப்பும் ஓலை வாசமும் சேர்ந்து வரும், அதற்கு ஈடாக எந்தக் குளிர்பானத்தையும் சொல்ல முடியாது. ஆனால் பதநீரும் சர்க்கரைதான், இயற்கை என்பதால் உடம்பு தள்ளுபடி தருவதில்லை. என் வீட்டுக்காரர் இந்த வரியைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

மாவத்தலை மறந்துவிடக் கூடாது. காற்றில் விழுந்த காயை எல்லாம் பொறுக்கி, கீறி, உப்பும் மஞ்சளும் பிசறி மொட்டை மாடியில் காயப்போட்டு எடுத்து வைத்தால் ஐப்பசி அடைமழையில் காய்கறி கிடைக்காத நாளுக்குக் குழம்பு தயார். வைட்டமின் சி பெரும்பாலும் வெயிலிலேயே போயிருக்கும், அதை ருசிக்காகத்தான் சாப்பிட வேண்டும். மாவடுவும் அப்படியே. வடுவில் விளக்கெண்ணெய் தடவி உப்பில் ஊறவைத்து மிளகாயும் கடுகும் அரைத்துக் கலந்து வைத்தால் வருஷத்துக்கும் நிற்கும், ஆனால் ரத்தக் கொதிப்பு இருக்கிறவர்கள் தயிர்ச்சோற்றுக்கு ஒன்றோடு நிறுத்த வேண்டும், அந்த உப்பு லேசான உப்பில்லை.

பழத்திலும் சமையல் இருக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி என்று கேரளப் பக்கம் இருந்த ஊர், அதனால் அங்கே மாம்பழப் புளிசேரி இன்றைக்கும் சில வீடுகளில் நடக்கிறது. என் அம்மா பிறந்த ஊர் அது. நாங்கள் இங்கே அதையே மாம்பழ மோர்க்குழம்பு என்போம். அதற்குப் பெரிய பழம் ஆகாது, கைக்குள் அடங்குகிற நாட்டுப் பழம், நார் இருக்கிற பழம்தான் வேண்டும். தோலை உரித்து முழுசாக மஞ்சள், உப்பு, கொஞ்சம் மிளகாய்ப்பொடியில் வேகவிட்டு, தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்து ஊற்றி, புளித்த தயிரைக் கடைந்து சேர்த்து நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். தேங்காயெண்ணெயில் கடுகு, வெந்தயம், வத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளிப்பு. ஆளுக்கு ஒரு பழம், கொட்டையைச் சப்பிக்கொண்டே ஒரு தட்டுச் சோறு உள்ளே போய்விடும். சின்னப் பழம் என்பதால் ஒன்று சாப்பிட்டாலும் சர்க்கரை அளவு தானாகவே கட்டுக்குள் நிற்கிறது, தராசு தேவையில்லை.

மாம்பழம் சூடு, சாப்பிட்டால் கட்டி வரும் என்பார்கள். சாப்பிடுமுன் தண்ணீரில் போட்டு வை என்று எங்கள் ஆச்சி அதட்டுவாள், "ஏட்டி, பழத்தத் தண்ணில போட்டியா இல்லையா?" என்பதுதான் கோடை முழுக்க வீட்டில் கேட்கும் குரல். சூட்டுக்கு என்ன விளக்கம் கொடுப்பார்களோ, காம்பில் வடியும் பால் விஷயம் நிச்சயமாக இருக்கிறது. மாமரம், முந்திரி, சேங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் எப்படி வெந்துபோகும் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும், மாங்காய்ப் பாலிலும் அந்த வகைப் பொருள் இருக்கிறது. வாயோரம் வெடித்துப் புண் வருவது பலருக்கு அதனால்தான். காம்போடு பறித்து, காம்பைக் கிள்ளி, தலைகீழாக வைத்துப் பால் வடியவிட்டு, ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அப்படியும் அரிப்பு வருகிறவர்கள் தோலைக் கடித்துத் தின்னாமல் சீவிச் சாப்பிடலாம். மற்றவர்கள் தோலோடு சாப்பிட்டாலும் நல்லதுதான், நார்ச்சத்து அங்கேதான் கூடுதல்.

கார்பைடு பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்களே ஏன் விட்டீர்கள் என்று கேட்பீர்கள். கால்சியம் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்கவைப்பது 2011ஆம் வருட உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடை. அந்தக் கல் ஈரம் பட்டதும் அசிட்டிலின் வாயுவை விடும், அதோடு ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பும் வரும், அதைக் கையாளும் கூலிக்காரருக்குத்தான் முதல் கேடு. எத்திலீன் வாயு அறை வைத்துப் பழுக்கவைக்க அனுமதி உண்டு, 100 பிபிஎம் அளவு வரை, அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு. எத்திலீன் என்றதும் அதுவும் விஷம் என்று அலறுகிறார்கள், பழம் தானாகப் பழுக்கும்போது தன்னிடமிருந்தே விடுகிற வாயு அதுதான். நாம் வைக்கோலில் மூடிவைப்பதும் அரிசிப் பானைக்குள் போட்டுவைப்பதும் அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்துவைக்கத்தான். நல்ல முற்றிய காயை வாங்கிவந்து அப்படி மூடிவைத்தால் ஒரு வாரத்துக்குள் வீடே மணக்கும். பழுக்குமுன் ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள், குளிர் பட்டால் பழுக்காமல் கறுத்துப்போகும்.

போன வருடம் இங்கே ஒரு கடையில் தங்க நிறத்தில் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து மயங்கி ஒரு பெட்டி வாங்கினோம், அறுத்தால் உள்ளே வெள்ளை, வாயில் வைத்தால் புளிப்பு. தண்ணீரில் போட்டால் மிதக்கும் பழம் கார்பைடு பழம் என்று ஒரு சோதனை சொல்கிறார்களே, அது அவ்வளவு சரியில்லை. முற்றாமல் பறித்த காய் மிதக்கும், முற்றியது மூழ்கும், அது முதிர்ச்சிக்கான சோதனை. கல் வைத்ததா என்று தண்ணீர் சொல்லாது. நிறத்தையும் நம்ப முடியாது, இமாம் பசந்த் பழுத்தாலும் பச்சையாகவே நிற்கும். காம்படியில் மோந்து பார்ப்பதைவிட எனக்குத் தெரிந்த நல்ல வழி வேறில்லை, மணம் வராத மஞ்சளை வாங்கவே கூடாது.

இன்னும் ஒன்று, நீலம் பழத்தில் வண்டு. அறுத்ததும் கொட்டைக்குள்ளிருந்து கறுப்பு வண்டு ஓடிவந்தால் பிள்ளைகள் பழத்தையே தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். வெளியே ஓட்டை இல்லையே, உள்ளே எப்படிப் போனது என்று கேட்பார்கள். காய் பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு தோலில் முட்டை வைக்கிறது, புழு துளைத்துக்கொண்டு கொட்டைக்குள் போய்விடுகிறது, காய் வளர வளர அந்தத் துளை மூடிப்போகிறது. சதைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, கொட்டையை எறிந்துவிட்டுச் சாப்பிடலாம். சதையிலேயே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈ, அதைத்தான் தூக்கிப்போட வேண்டும். வண்டுக்குப் பயந்து நீலத்தை ஒதுக்குகிறவர்கள் சீசன் முடிவில் கிடைக்கும் மலிவான நல்ல பழத்தை இழக்கிறார்கள்.

ரகம் என்று வந்தால் என் கட்சி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துச் சப்பட்டையும் பஞ்சவர்ணமும்தான். அல்போன்சா என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தால் இரண்டு மடங்கு காசு கொடுக்கிறார்கள், பெட்டிக்கா பழத்துக்கா என்று புரியவில்லை. நம் மலையடிவாரத்திலேயே, புளியங்குடி தொடங்கி கடையநல்லூர், வடகரை, மேக்கரை, பண்பொழி வரை தோப்புகள் இருக்கின்றன. அங்கே இறங்கும் பழத்துக்கு மணம் தெரிந்து யானையே மலையிலிருந்து வருகிறது. தோப்புக்காரர் பாடு திண்டாட்டம்தான், அதைப் பற்றி உங்கள் நிருபர்கள் எழுதுகிறார்கள், நன்றி. ஆனால் அந்தத் தோப்புப் பழம் நம் சந்தைக்கு எப்போது வருகிறது, என்ன விலை என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். நயினார்குளம் மார்க்கெட் விலை போடுகிற மாதிரி சீசன் முடியும்வரை வாரம் ஒருமுறை ஒரு சின்னக் கட்டம் போடுங்கள், என்ன ரகம் வந்திருக்கிறது, எந்த ஊர்ப் பழம், காய் என்ன விலை, பழம் என்ன விலை என்று. மருத்துவப் பக்கத்தில் மாம்பழம் நல்லது என்றோ கெட்டது என்றோ எழுதினால் பக்கத்திலேயே எத்தனை கிராம், யாருக்கு என்று கட்டாயம் போடச் சொல்லுங்கள், எழுதுகிறவர் டாக்டரா உணவியல் நிபுணரா என்றும் போடுங்கள். அப்புறம், கார்பைடு பழம் பறிமுதல் என்று குப்பையில் கொட்டும் படத்தோடு வருஷா வருஷம் செய்தி வருகிறது, அந்த வழக்கு என்ன ஆனது, அபராதம் கட்டினார்களா, அந்தக் குடோன் மறுபடி திறந்ததா என்பதையும் ஒரு தடவை விசாரித்து எழுதுங்கள். நீலம் இன்னும் கொஞ்ச நாளில் இறங்க ஆரம்பித்துவிடும், அதற்குள் அந்தக் கட்டத்தை ஆரம்பித்தால் ஆடி மாதம் வரைக்கும் எங்களுக்கு உபயோகப்படும்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
பாளையங்கோட்டை.